போதை அடிமை நிலையிலிருந்து மீள்வோரும் திருச்சபைகளும்

மதுவுக்கும் போதைப் பொருள்களுக்கும் அடிமையானவர்களின் மறுவாழ்வு, இந்தியாவின் சமூக நலப் பணிகளுள் மிகக் கடினமான ஒன்றாகும். எத்தனை சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன, எத்தனை படுக்கைகள் உள்ளன என்று கணக்கிடுவது எளிது. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒருவர் ஓராண்டுக்குப் பின்னர் எவ்வாறு இருக்கிறார் என்பதே இப்பணியின் வெற்றியை அளக்கும் உண்மையான அளவுகோலாகும். அந்த ஓராண்டில் அவர் மருத்துவமனையில் இருப்பதில்லை. தம் தெருவிலும், தம் வீட்டிலும், தம் பழைய நண்பர்களிடையேயும் இருக்கிறார். அங்கே அவருக்குத் துணை நிற்பவர் யார் என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

பிரச்சினையின் பரிமாணம்

அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த தேசிய போதைச் சிகிச்சை மையம், மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்திற்காக நாடு தழுவிய ஓர் ஆய்வினை நடத்தியது. 2019இல் வெளியான அதன் முடிவுகளின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள மக்களுள் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். இவர்களுள் சுமார் 5.7 கோடிப் பேர் மதுவினால் கேடுற்றோ அதற்கு அடிமைப்பட்டோ உதவி தேவைப்படும் நிலையில் உள்ளனர். அபின் வகைப் பொருள்களால் இத்தகைய நிலைக்கு ஆளானவர்கள் சுமார் 77 லட்சம் பேர். ஊசி மூலம் போதை மருந்து ஏற்றிக்கொள்வோர் சுமார் 8.5 லட்சம் பேர்.

இவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சையோ மிகச் சொற்பமானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதேனும் ஒருவகை உதவியோ சிகிச்சையோ பெற்றதாக அதே ஆய்வு கூறுகிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவரே. இந்த இடைவெளியை அரசு மருத்துவமனைகளால் மட்டும் நிரப்பிவிட இயலாது. மேலும், சிகிச்சை பெற்றவர்களிலும் கணிசமானோர் மீண்டும் பழக்கத்தில் விழுகின்றனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான, பெரிதும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரையொன்று, சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்குள் 40 முதல் 60 சதவீதத்தினர் மீண்டும் போதைப் பொருளை நாடுவதாகக் கணித்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோயாளிகளும் மருத்துவ ஆலோசனையைக் கைவிட்டு மீண்டும் நோய்வாய்ப்படுவது ஏறத்தாழ இதே அளவில்தான் என்பதையும் அக்கட்டுரை சுட்டிக்காட்டியது. அடிமை நிலை என்பது நீண்டகால நோய் என்பதும், நீண்டகாலப் பராமரிப்பு அதற்குத் தேவை என்பதும் இதனால் விளங்கும்.

நீண்டகாலப் பராமரிப்புக்கு நடந்து செல்லும் தூரத்தில் உள்ளதும், வாரந்தோறும் தவறாமல் கூடுவதும், கட்டணம் கேட்காததுமான ஓர் அமைப்பு வேண்டும். கிறிஸ்தவ மக்கள் வாழும் பகுதிகளில் அத்தகைய அமைப்பாக ஏற்கெனவே இருப்பது திருச்சபையே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி கிறிஸ்தவர்கள் நாகாலாந்தில் 87.93 சதவீதமும், மிசோரமில் 87.16 சதவீதமும், மேகாலயாவில் 74.59 சதவீதமும் உள்ளனர். இம்மாநிலங்களில் திருச்சபை செய்வதும் செய்யத் தவறுவதும் மறுவாழ்வுப் பணியின் போக்கையே மாற்றக்கூடியவை.

மிசோரமின் அனுபவம்

மிசோரமின் வரலாறு இவ்வகையில் படிப்பினை தருவதாகும். 1894ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லோரெய்ன், சாவிட்ஜ் என்னும் இரு மிஷனரிகள் மிசோ மலைகளுக்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்தில் 'சூ' எனப்படும் அரிசி மது, மிசோ மக்களின் விழாக்களிலும் பலிச் சடங்குகளிலும் நீங்கா இடம் பெற்றிருந்தது. எனவே புதிய சமயத்தைத் தழுவியவர்கள் சூ அருந்துவதைக் கைவிடுவது, அவர்களது மனமாற்றத்தின் வெளிப்படையான அடையாளமாயிற்று. குடியாமை கிறிஸ்தவனின் இலக்கணம் என்றும், குடிப்பது சபையின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம் என்றும் ஆனது இவ்வாறேயாகும்.

இந்த மரபு அரசியலிலும் எதிரொலித்தது. 1995ஆம் ஆண்டின் முழு மதுவிலக்குச் சட்டம் 1997 பிப்ரவரி 20 முதல் மிசோரமில் நடைமுறைக்கு வந்தது. 2014இல் இயற்றப்பட்ட சட்டம் அதனைத் தளர்த்தி மதுக்கடைகளுக்கு வழிசெய்தது. 2019இல் மீண்டும் மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளூர் விளைபொருள்களிலிருந்து தயாராகும் சில பானங்களுக்கு இடமளிக்கும் திருத்தத்தை 2025 மார்ச்சில் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. இக்காலம் முழுவதும் மதுவிலக்குக்கு ஆதரவான உரத்த குரல் திருச்சபைகளிடமிருந்தே எழுந்தது. நாகாலாந்தின் 1989ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் பின்னணியிலும் பாப்டிஸ்ட் திருச்சபைகளின் இயக்கம் இருந்தது.

ஆயினும், சட்டம் ஒரு கதவை அடைத்த காலத்திலேயே வேறொரு கதவின் வழியாகக் கேடு நுழைந்தது. மிசோரம் மாநிலம் மியான்மருடன் 510 கிலோமீட்டர் எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த எல்லையின் வழியே ஹெராயின் வந்தது. வலி நிவாரணி மாத்திரைக் குப்பிகளில் இருந்த டெக்ஸ்ட்ரோபுரோபாக்ஸிஃபீன் என்னும் மருந்தை நீரில் கரைத்து ஊசி மூலம் ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் இளைஞரிடையே பரவியது. முழுமையாகக் கரையாத அத்தூள் இரத்தக் குழாய்களை அடைத்து, புண்களை உண்டாக்கி, கை கால்களை இழக்கவும் காரணமாயிற்று. 2013 மே மாதத்தில் மத்திய அரசு அம்மருந்தின் தயாரிப்பையும் விற்பனையையும் நிறுத்திவைத்தது. ஊசிகளைப் பகிர்ந்துகொண்டதன் விளைவு எச்.ஐ.வி. கணக்கெடுப்பில் தெரிகிறது. 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் வயது வந்தோரிடையே இத்தொற்று 0.22 சதவீதமாக இருக்க, மிசோரமில் அது 2.32 சதவீதமாகவும், நாகாலாந்தில் 1.45 சதவீதமாகவும், மணிப்பூரில் 1.18 சதவீதமாகவும் இருந்தது. பாலுறவு வழிப் பரவலும் இதில் அடங்கும் எனினும், ஊசிப் பழக்கத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை.

இந்த அனுபவம் உணர்த்துவது யாது? மதுவிலக்கு புதியவர்களைக் குடியிலிருந்து காக்க உதவக்கூடும். ஏற்கெனவே அடிமைப்பட்டவரை அது குணப்படுத்துவதில்லை. குடி சட்டப்படி குற்றமாகவும் சபையின் முறைப்படி பாவமாகவும் உள்ள இடத்தில், உதவி கேட்க விரும்பும் ஒருவர் முதலில் தம்மைக் குற்றவாளி என்றும் பாவி என்றும் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. ஆகவே அவர் மறைக்கிறார். அவருடைய தாயும் மனைவியும் மறைக்கின்றனர். மறைப்பு நீளுந்தோறும் நோய் முற்றுகிறது. குடியைக் கண்டிப்பதில் காட்டிய உறுதியை, குடித்தவரை மீட்பதிலும் காட்டுவதே திருச்சபைகளின் முன்னுள்ள இன்றைய பணியாகும்.

மருத்துவத்தின் எல்லை, சபையின் எல்லை

சபை துணை நிற்கும் முன்னர், தன்னால் செய்ய முடியாதது எது என்பதை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. இவ்வறிவின்மை உயிரிழப்புக்கே வழிவகுக்கக்கூடும்.

நீண்ட நாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 24 மணி நேரத்திற்குள் கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். முதல் இரு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையிலான காலத்தில் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதது கண்ணில் தோன்றுவதும், கடும் காய்ச்சலும் ஏற்படும். இந்நிலை மருத்துவமின்றி விடப்பட்டால் மரணம் நேரலாம். தயமின் என்னும் வைட்டமின் குறைவினால் மூளைக்கு நிலையான பாதிப்பும் உண்டாகலாம். உபவாச முகாமில் ஒருவரை அமரச் செய்து, நடுங்கும் உடலைக் கண்டு ஆவியின் போராட்டம் என்று கருதுவது பெரும் பிழையாகும். இவ்வேளையில் சபை செய்ய வேண்டிய முதல் தொண்டு, அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே. ஜெபம் மருத்துவமனைப் படுக்கையின் அருகிலும் நடைபெறலாம்.

ஹெராயின் போன்றவற்றில் அபாயம் வேறு வகையானது. பழக்கம் தொடருங்கால் உடலின் தாங்குதிறன் உயர்ந்துகொண்டே செல்கிறது. சில வாரங்கள் விலகியிருந்தால் அது குறைந்துவிடுகிறது. முகாமிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்தவர், ஒரு பலவீனமான பொழுதில் தாம் முன்பு ஏற்றிக்கொண்ட அதே அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு அடங்கி இறக்க நேரிடும். விலகியிருந்த காலத்தின் முடிவே மிக அபாயமான காலம் என்பதை ஒவ்வொரு போதகரும், ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். நாலக்ஸோன் என்னும் மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டால் இத்தகைய மரணத்தைத் தடுக்க வல்லது.

இதே காரணத்தால், புப்ரினார்ஃபின் அல்லது மெதடோன் கொண்டு அளிக்கப்படும் மாற்று மருந்துச் சிகிச்சையையும் சபைகள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில் நாள்தோறும் இம்மருந்தை உட்கொள்பவர் ஊசியைக் கைவிடுகிறார், வேலைக்குச் செல்கிறார், குடும்பத்துடன் வாழ்கிறார். "ஒரு போதையை விட்டு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டான்" என்று அவரை இகழ்ந்து, மருந்தை நிறுத்தினால்தான் சபையில் இடமுண்டு என்று நிபந்தனை விதிப்பது, இன்சுலினை நிறுத்துமாறு நீரிழிவு நோயாளிக்குக் கூறுவதை ஒத்ததாகும்.

கட்டாயப்படுத்தி அடைத்து வைப்பதும் ஏற்கத்தக்கதன்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பயன்பாட்டினால் விளையும் மனநலக் கோளாறுகளையும் தன் வரம்பினுள் கொண்டுள்ளது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அதன் 95ஆவது பிரிவு தடை செய்கிறது. 23ஆவது பிரிவு சிகிச்சை பற்றிய தகவல்களின் மறைபொருள் உரிமையைக் காக்கிறது. சமயத்தின் பெயரால் நடத்தப்படும் இல்லங்களுக்கும் இச்சட்டம் பொருந்தும்.

பாந்த்ராவின் முன்மாதிரி

திருச்சபையும் சிகிச்சையும் கைகோத்துச் செல்ல முடியும் என்பதற்கு மும்பையின் பாந்த்ரா பகுதியில் தோன்றிய கிருபா அமைப்பு சான்றாகும். கத்தோலிக்கக் குருவான ஜோசப் பெரேரா 1981இல் மவுண்ட் கார்மல் ஆலயத்தின் வளாகத்தில் இதனைத் தொடங்கினார். தாமே குடிப் பழக்கத்துக்கு ஆளாகி மீண்டவர் என்பதை அவர் ஒளித்ததில்லை. யோகக்கலை ஆசான் ஐயங்காரிடம் பயின்ற யோகப் பயிற்சியையும், குடிநோயாளர் பரஸ்பர உதவிக் குழுவின் பன்னிரு படிகளையும் அவர் இணைத்துப் பயன்படுத்தினார். எம்மதத்தினருக்கும் அங்கு இடமுண்டு. பின்னர் இவ்வமைப்பின் நிலையங்கள் வடகிழக்கு உள்ளிட்ட பல பகுதிகளிலும் எழுந்தன. 2009இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இந்த முயற்சியிலிருந்து பிற சபைகள் கற்கத்தக்கவை மூன்று. முதலாவதாக, ஆலயம் தன் இடத்தை அளித்தது. இரண்டாவதாக, நோயிலிருந்து மீண்டவரே வழிகாட்டியாக இருந்தார். மூன்றாவதாக, மதமாற்றம் சிகிச்சையின் நிபந்தனையாகவோ நோக்கமாகவோ இருக்கவில்லை.

ஆலயத்தின் ஓர் அறை

பெரிய நிலையம் தொடங்க எல்லாச் சபைகளாலும் இயலாது. ஆனால் வாரத்திற்கு ஒரு மாலை ஓர் அறையைத் திறந்துவிட எந்தச் சபையாலும் இயலும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிநோயாளர் பரஸ்பர உதவிக் குழு 1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் தோன்றியது. நியூயார்க் நகரப் போதகரான சாமுவேல் ஷூமேக்கரின் போதனைகள் அதன் தொடக்ககாலச் சிந்தனையில் பெரும் செல்வாக்குச் செலுத்தின. எனினும் அக்குழு எந்தத் திருச்சபையையும் சார்ந்ததாக இல்லாமல் தனித்தே வளர்ந்தது. 1957இல் இந்தியாவிலும் அது கால்கொண்டது. போதை மருந்துப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கென நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்னும் குழுவும், குடிநோயாளரின் குடும்பத்தினருக்கென அல்-அனான் என்னும் குழுவும் பின்னர்த் தோன்றின. இக்குழுக்களின் கூட்டங்கள் ஆலய மண்டபங்களிலும் பங்குப் பள்ளிகளிலும் பரவலாக நடைபெற்று வருகின்றன. இடத்துக்குரிய வாடகையைத் தம் உறுப்பினர்களின் காணிக்கையிலிருந்தே செலுத்துவது அவற்றின் மரபு.

அறையை அளிக்கும் சபை, கூட்டத்தில் தலையிடாதிருத்தல் வேண்டும். இக்குழுக்களின் உயிர்நாடி பெயர் வெளியிடாமையாகும். ஆனால் பல சபைகளில் சாட்சி கூறும் வழக்கம் உண்டு. நோயிலிருந்து மீண்டு சில வாரங்களே ஆன ஒருவரை மேடையேற்றி, முன்பு தாம் இருந்த நிலையை விரித்துரைக்கச் செய்வது கேட்போருக்கு ஊக்கமளிக்கலாம். அவருக்கோ அது பெரும் சுமையாகும். பிறிதொரு நாள் அவர் தவறி விழுந்தால், அவரது வீழ்ச்சி சபையறிய நேர்ந்த வீழ்ச்சியாகிவிடுகிறது. அந்த வெட்கமே அவரை மீண்டும் ஆலயத்தின் படியேறாமல் தடுத்துவிடும். எனவே சாட்சியை அவரே விரும்பி முன்வரும் காலம் வரை தள்ளிவைப்பதே நன்று.

சபை வாழ்வில் செய்யத்தக்க மாற்றங்கள்

சிகிச்சை முடிந்து ஐசால் நகரில் தம் குடியிருப்புப் பகுதிக்குத் திரும்பும் 24 வயது இளைஞர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மிசோ மொழியில் 'வெங்' எனப்படும் அப்பகுதியில் அவரை அறியாதவர் எவருமில்லை. ஒருபுறம் பழைய நண்பர்கள். மறுபுறம் ஆலயமும் இளைஞர் சங்கமும். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமர்கிறார். அடுத்த ஞாயிறும் அவர் வருவாரா என்பது, அன்று அவரிடம் பேசியவர் யார், என்ன பேசினார் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

அவருக்கு முதலில் தேவைப்படுவது ஒரு பணி. மிசோ சபைகளில் பாடற்குழுக்கள் சிறப்பு மிக்கவை. டானிக் சோல்ஃபா என்னும் எழுத்துமுறை இசைக்குறிப்பைச் சிறுவர்களும் படித்துப் பாடுவர். ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவர் பாடற்குழுவிலும் பொறுப்புகளிலும் இடம்பெறலாகாது என்று பல சபைகள் கருதுகின்றன. அடிமை நிலையிலிருந்து மீள்பவரைப் பொறுத்தவரை இவ்விதியை மறுபரிசீலனை செய்தல் தகும். நாற்காலிகளை அடுக்குவது, ஆலய வளாகத்தைப் பேணுவது, பாடற்குழுவில் குரல் சேர்ப்பது போன்ற பணிகள் அவருடைய வெறுமையான மாலைகளை நிரப்பும். பணம் கையாளும் பொறுப்பைத் தொடக்கத்தில் தவிர்ப்பது அவருக்கே பாதுகாப்பு. அதனை அவரிடம் ஒளிவின்றிக் கூறிவிடுவது அவரை மதிப்பதாகும்.

இரண்டாவது, திருவிருந்து. புளித்த திராட்சை மது ஒரு மிடறாயினும், மீள்பவருக்கு இடராகலாம். 1869இல் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்னும் அமெரிக்க மெதடிஸ்டுக்காரர், புளிக்காத திராட்சைச் சாற்றைக் கெடாமல் காக்கும் முறையைத் திருவிருந்தின் பொருட்டே கண்டறிந்தார். பல புராட்டஸ்டண்டு சபைகள் அன்று முதல் அச்சாற்றையே பயன்படுத்துகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனைப்படி அப்பத்தை மட்டும் பெறுபவரும் நற்கருணையை முழுமையாகவே பெறுகிறார். ஆகவே எந்த மரபிலும் இதற்கு வழியுண்டு. தேவையானது அதனை எவரையும் சுட்டிக்காட்டாமல் பொதுவாக அறிவித்துவிடுவதே. திருமண விருந்து, கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் ஆகியவற்றிலும் இதே கவனம் வேண்டும். பலர் மீண்டும் விழுவது இத்தகைய மகிழ்ச்சி நாட்களில்தான்.

மூன்றாவது, குடும்பம். குடும்பத்தின் வருமானம் கரைந்து, கடன் பெருகி, நம்பிக்கை சிதைந்த பின்னரே பெரும்பாலும் சிகிச்சை தொடங்குகிறது. பழக்கத்தை விட்டவர் திரும்பிய உடனே அனைத்தும் சீராகிவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. மனைவியின் கோபமும் பிள்ளைகளின் அச்சமும் மறைய நாளாகும். "மன்னித்து ஏற்றுக்கொள்" என்று மனைவிக்கு விரைந்து உபதேசிப்பதைக் காட்டிலும், அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் பெண் ஒருவரைச் சபை அவருக்குத் துணையாக்குவது நலம். அடி உதைக்கு ஆளான பெண்ணின் பாதுகாப்பு, கணவரின் மறுவாழ்வுக்காக விலை பேசப்படக் கூடாது.

நான்காவது, பெண் நோயாளர். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதமும், பெண்களில் 1.6 சதவீதமும் ஆவர். எண்ணிக்கையில் குறைவானதாலேயே பெண்களுக்கான வசதிகளும் குறைவாக உள்ளன. ஆணைவிடப் பெண்ணின் மீது பழி கடுமையாக விழுகிறது. சபைகளின் பெண்கள் சங்கங்கள் இங்கே வேறெவராலும் ஆற்ற இயலாத பணியை ஆற்றலாம்.

மிசோ சபைப் பெண்கள் 1910ஆம் ஆண்டு முதல் கடைப்பிடித்து வரும் ஒரு வழக்கம் ஈண்டு நினைவுகூரத்தக்கது. சோறு சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். அது சேர்க்கப்பட்டு விற்கப்பட்டு, திருச்சபையின் பணிகளுக்குப் பெரும் நிதியாகிறது. ஒரே நாளில் மூட்டை அரிசி கொடுக்கும் வீடுகள் அவற்றுள் இல்லை. மீள்பவருக்குச் சபை அளிக்கத்தக்க துணையும் இத்தகையதே. ஒருநாள் எழுப்புதல் கூட்டத்தின் ஆரவாரத்தைவிட, வாரந்தோறும் ஒருவர் சென்று அவரைக் கண்டு வருவது அவருக்குப் பயன் தரும்.

மீண்டும் விழுந்தால்

சபையின் மெய்யான சோதனை அவர் மீண்டும் விழும்போது நிகழ்கிறது. முன்னர்க் கண்டவாறு, இது பலருக்கு நேர்வதே. அப்போது சபை இரண்டில் ஒன்றைச் செய்கிறது. பெயரை நீக்கி, கதவைச் சாத்துகிறது. அல்லது நடந்ததை மறைத்து, எதுவும் நேராதது போல் நடந்துகொள்கிறது. இரண்டும் தவறு. முதலாவது அவரைத் தனிமைக்குத் தள்ளுகிறது. இரண்டாவது நோயை வளர்க்கிறது.

ஒழுங்கு நடவடிக்கை என்பதற்குச் சபை மரபில் திருத்தி மீட்டல் என்ற பொருளே முதன்மையானது. எனவே நடவடிக்கை எடுக்கும் மூப்பர் குழு, அதே கூட்டத்தில் அவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்பவர் யார், எந்த நாளில், திரும்பி வந்ததும் அவரைச் சந்திப்பவர் யார் என்பனவற்றையும் முடிவு செய்தல் வேண்டும். இம்முடிவுகள் இல்லாத நடவடிக்கை வெறும் தண்டனையாகவே எஞ்சும். நோயாளியை விடாது பற்றி நிற்பதற்கும் அவருடைய பொய்களுக்குத் துணைபோவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சபைத் தலைவர்கள் பயிற்சியின் மூலம் அறிந்துகொள்ள வேண்டும். இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் அடிமை நிலை பற்றிய அடிப்படை மருத்துவ அறிவும் இடம்பெறுதல் தக்கது.

அரசும் சபையும்

இப்பணியில் அரசின் கடமை தெளிவானது. மருந்து நோக்கமன்றி மது மற்றும் போதைப் பொருள்களின் நுகர்வைத் தடுக்க அரசு முயல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 47ஆவது விதி காட்டும் நெறியாகும். தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு நிலையங்களுக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் மானியம் அளிக்கிறது. 2020 ஆகஸ்டு 15 அன்று போதையில்லா பாரத இயக்கம் 272 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். ஆலய அறிவிப்புப் பலகையில் இந்த எண் இடம்பெறுவது செலவில்லாத தொண்டாகும்.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பையும் போதகர்கள் அறிந்திருத்தல் நலம். 1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் சட்டத்தின் 64அ பிரிவின்படி, போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமை நிலையாளர், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். வழக்குக்கு அஞ்சி மறைந்து வாழும் இளைஞரின் பெற்றோரிடம் இச்செய்தியைக் கொண்டு சேர்க்கப் போதகரைவிடத் தக்கவர் இலர்.

மாவட்ட அதிகாரிகள் சபைகளை விழிப்புணர்வு ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்க்கும் அமைப்புகளாக மட்டும் கருதலாகாது. சிகிச்சை நிலையத்திலிருந்து ஒருவர் வெளியேறும்போது, அவரது இசைவுடன், அவர் ஊரிலுள்ள துணையாளர் ஒருவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு வேண்டும். அத்துணையாளர் சபையைச் சேர்ந்தவராகவோ, வேறு சமய அமைப்பையோ இளைஞர் சங்கத்தையோ சேர்ந்தவராகவோ இருக்கலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் சில நாள் பயிற்சியை மருத்துவத் துறை அளிக்கலாம். அதே வேளையில், பொதுப்பணத்தில் நடைபெறும் எந்த நிலையத்திலும் வழிபாடு விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருத்தல் வேண்டும். பிற சமயத்தவருக்கும் சமய நம்பிக்கை இல்லாதவருக்கும் அதே தரமான சிகிச்சை கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும்.

முடிவுரை

நோயைக் கண்டறிவதும், உடலைத் தேற்றுவதும், மருந்தளிப்பதும் மருத்துவத்தின் பணி. நிலையங்களை அமைப்பதும், அவற்றை ஒழுங்குபடுத்துவதும், உரிமைகளைக் காப்பதும் அரசின் பணி. சிகிச்சை முடிந்தவருக்கு உரிய இடத்தையும், பணியையும், தோழமையையும் ஆண்டுக்கணக்கில் அளிப்பது சமுதாயத்தின் பணி. கிறிஸ்தவ மக்கள் மிகுந்து வாழும் பகுதிகளில் அச்சமுதாயப் பணியின் பெரும்பகுதி திருச்சபையின் தோளில் அமைந்துள்ளது.

குடி கேடு என்று ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சபைகள் போதித்து வந்துள்ளன. அப்போதனையைக் கேட்டு வளர்ந்தவர்களுள்ளும் அடிமைப்பட்டவர்கள் உள்ளனர். அவர்களுக்கு அக்கேட்டினைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. கடைசி வரிசையில் வந்து அமரும் அவ்விளைஞர் அடுத்த வாரமும், விழுந்தெழுந்த பின்னரும், தயக்கமின்றி வந்து அமர முடியுமானால், மறுவாழ்வுத் திட்டத்தின் மிகக் கடினமான பகுதி அந்த ஊரில் நிறைவேறத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.